முப்பத்தொரு பச்சை அட்டைகள்

அவருக்கு அந்தப் பெயரை வைத்தது மனைவியின் தம்பி. ஏற்பாட்டு சார். இயந்திரங்களோடு வரும் கையேடுகளை மொழிபெயர்த்துத் தருவது அவர் தொழில் என்று பெயர். ஆனால் அவர் மொழிபெயர்த்து யாரும் பார்த்ததில்லை. அதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருப்பதைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் சோம்பேறி இல்லை. விடிந்ததும் எழுந்து மேசையைத் துடைப்பார். நான்கு நிறப் பேனாக்களை மூடி ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்குவார். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணியடிக்கும் முட்டை வடிவக் கடிகாரத்தைத் திருகி வைப்பார். காதை அடைத்துக்கொள்ள ஒரு கருவி, கண் கூசாமலிருக்க ஒரு விளக்கு, கவனம் சிதறினால் கண்டிக்க செல்போனில் ஒரு செயலி. அது கண்டித்துவிட்டால் போச்சு. இன்னும் நன்றாகக் கண்டிக்க வைப்பது எப்படி என்று அதற்குள்ளேயே அரை நாள் உட்கார்ந்துவிடுவார்.

அவர் மனைவிக்கு இருந்த கருவி இரண்டு கைகள்தான். சலவைக் கூடமொன்றில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை நீராவிப் பெட்டியால் தேய்ப்பது அவள் வேலை. எட்டு வருட வெந்நீரும் ஆவியும் சேர்ந்து உள்ளங்கைத் தோலை உரித்திருந்தன. வலது கையில் இரண்டு விரல்கள் சரியாக மடங்குவதில்லை. இன்னும் ஆறு மாதம் இதே வேலை பார்த்தால் மற்ற விரல்களும் மடங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் ஒரு கம்பெனியிலிருந்து அவருக்கு நாற்பது பக்கம் வந்தது. பத்து நாளில் முடித்துக் கொடுத்தால் நிரந்தர வேலை. அவருக்கு வேலை கிடைத்தால் இவள் வேலையை விடலாம். வீட்டில் இதைப் பேசி முடிவு செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள், பாவம்.

மறுநாளே அவர் சுவரில் ஒரு பெரிய பலகையை மாட்டினார். பக்கத்துக்கு ஓர் அட்டை. முதலில் சிவப்பு அட்டை, பிறகு மஞ்சள், கடைசியில் பச்சை. ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்குப் போகும்போது அதே விவரத்தை மணி மணியான கையெழுத்தில் மறுபடியும் புது அட்டையில் எழுதுவார். அந்தக் கையெழுத்தில் நாலு வரி மொழிபெயர்த்திருந்தால் குடும்பம் உருப்பட்டிருக்கும். அவள் காலையில் போய் மாலையில் வருகிறவள். எவ்வளவு ஆச்சு என்று கேட்டால், கேள்வி கேட்டாலே கவனம் போய்விடும், பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள் என்பார்.

அப்படியே பார்த்தாள். எட்டாம் நாள் மாலை பலகையில் முப்பத்தொரு பச்சை அட்டைகள். இரண்டு முறை எண்ணினாள். அன்றைக்குக் கைவலிகூடத் தெரியவில்லை அவளுக்கு.

ஒன்பதாம் நாள் காலை சலவைக் கூடத்து மேற்பார்வைக்காரி அக்காவிடம் வேலையை விடுவதாகச் சொன்னாள். அந்த அக்காவுக்கு ஏடும் கிடையாது, செயலியும் கிடையாது. கொதிகலன் அறையின் இரும்புக் கதவில் சாக்பீஸால் அறுபது பேர் பெயரை எழுதி வைத்திருப்பாள், அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்து, சரி என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானமே வீட்டுக்கு வந்தவள் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வந்தவளுக்கு ஓர் ஆசை. முப்பதாம் பக்கத்தை வாசித்துக் காட்டச் சொன்னாள்.

அவர் முட்டைக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

"இங்க பாரு, பச்சைன்னா அந்தப் பக்கத்துக்கு நேரம் ஒதுக்கி முடிச்சாச்சுன்னு அர்த்தம். எழுதறதுக்கு அடுத்த போர்டு வருது."

"எழுதினது எத்தனை பக்கம்?"

"நாலு. ஆனா அடித்தளம் போட்டாச்சு. இனிமே வேகமா போயிடும்."

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம், நானாக இருந்தால் பலகையைக் கழற்றித் தெருவில் வீசியிருப்பேன். அவள் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். வேலையை விட்ட செய்தியை அவரிடம் சொல்லவே இல்லை.

பத்தாம் நாள் காலை தலையைக் குனிந்துகொண்டே சலவைக் கூடத்துக்குப் போனாள். இரும்புக் கதவில் அவள் பெயர் இருந்த இடத்திலேயே இருந்தது.

"நான் அழிக்கலம்மா. விடறேன்னு சொல்றவங்க நிறைய பேர். மூணு நாள் ஆள் வரலைன்னாதான் அழிப்பேன்," என்றாள் அக்கா. "போ, விரிப்பு குவிஞ்சு கிடக்கு."

அவளுக்குக் கொடுத்தது மூலை மேசை. ஒரு கால் கட்டையான மேசை அது. அழுத்தித் தேய்த்தால் ஆடும். மத்தியானத்துக்கு மேல் மேசை ஆடியது, மடங்காத விரல்களிலிருந்து பெட்டி நழுவியது, இடது புறங்கை வெந்துபோனது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு சாயங்காலம் வரை மிச்சத்தைத் தேய்த்துவிட்டுத்தான் வந்தாள்.

வீட்டில் அவர் சோகமாக உட்கார்ந்திருந்தார். கம்பெனிக்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்களாம். அவசரப்படுகிறவர்கள், முறையாக வேலை செய்கிறவனை அவர்களுக்குப் பிடிக்காது என்றார். பிறகு அவள் கையைப் பார்த்தார். பதறித்தான் போனார், பொய் சொல்லக்கூடாது. பதறிப்போனவர் விறுவிறுவென்று மேசைக்குப் போய் ஒரு சிவப்பு அட்டையை எடுத்து எழுதிப் பலகையில் செருகினார்: மனைவியின் கை, மருந்து, 7.15.

அவள் சமையலறைக்குப் போனாள். ஒற்றைக் கையால் சோறு வடித்தாள். முட்டைக் கடிகாரம் ஒருமுறை மணியடித்தது. ஏழரைக்கு வெளியே வந்து பார்த்தபோது பலகையில் அதே எழுத்து, பச்சை அட்டையில். அவர் காதை அடைத்துக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்து, புதுப் பலகைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மருந்துக் குப்பி அலமாரியில் இருந்த இடத்திலேயே இருந்தது.

அவள் பல்லால் மூடியைத் திறந்து தானே மருந்தைப் போட்டுக்கொண்டாள். பிறகு அந்தப் பச்சை அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டாள். மற்ற முப்பத்தொன்றையும் ஒன்றுவிடாமல் உருவினாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மூலை மேசையின் கட்டைக் காலுக்கடியில் அத்தனையையும் அடுக்கிச் செருகினாள். கையூன்றி அழுத்திப் பார்த்தாள். மேசை ஆடவில்லை. நீராவிப் பெட்டியை எடுத்து முதல் விரிப்பைத் தேய்க்க ஆரம்பித்தாள்.