ஆஃப்செட் தெரிந்தவர்

மாத்திரை அட்டையானாலும் சரி, மின்கட்டண ரசீதானாலும் சரி, அச்சகக்காரர் முதலில் அதைப் படிக்க மாட்டார், பார்ப்பார். சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் பருமனுள்ள உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, அட்டையின் மேல் கவிழ்த்து, ஒற்றைக் கண்ணை அதில் பதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிவார். "மஞ்சள் ஓடியிருக்கு," என்பார். எந்த வேளைக்கு எத்தனை மாத்திரை என்று கேட்டால் விழிப்பார். மஞ்சள் நிறம் தன் இடத்தைவிட்டு மயிரிழை நகர்ந்திருப்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

அவருடைய மனைவி எலும்பு வார்டில் செவிலி. "உங்களுக்கு விஷத்தக் குடுத்தாக்கூட லேபிள் அழகா இருந்தா குடிச்சிருவீங்க," என்பார்.

"லேபிள் சரியில்லேன்னா திருப்பி அனுப்பிருவேன்ல? அது பாதுகாப்பு இல்லையா?"

அச்சகக்காரருக்கு ஐம்பத்தெட்டு வயது. சொந்தமாக ஓர் ஆஃப்செட் அச்சு இயந்திரம், அதற்குப் பக்கத்தில் ஒரு வெட்டு இயந்திரம், இரண்டுக்கும் நடுவே ஒரு ஸ்டூல். இயந்திரச் சத்தத்தில் காது பாதி போய்விட்டதால், ரகசியத்தையும் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார். நகக்கண்ணில் எந்தச் சோப்புக்கும் மசியாத நீலம். காகிதக் கட்டுகளை இடுப்பை வளைத்துத் தூக்கித் தூக்கி முதுகின் கீழ்ப்பாதி இறுகிக் கிடக்கிறது. குனிந்தால் பாதியில் நிற்கும், நிமிர்ந்தால் பாதியில் நிற்கும். எதைச் செய்தாலும் முடிவில் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "மில்லிமீட்டர் தப்பாது," என்று சொல்வார். தேநீர் ஊற்றினால்கூடச் சொல்வார்.

மகள் பட்டம் வாங்கிவந்த அன்று சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை வைத்து, நெடுநேரம் பார்த்தார். வீடே காத்திருந்தது. "முத்திரை அரை மில்லி எறங்கியிருக்கு. எவன் அடிச்சான் இத?" என்றார். முதல் வகுப்பு என்ற வரியை அவருக்கு மனைவிதான் விரலால் தொட்டுக் காட்டினார்.

இப்படிப்பட்டவர் கார் வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவார்? நிறத்தைப் பார்த்துத்தான். பழைய விளையாட்டுக் கார். இரண்டே இருக்கை, தரையோடு தரையாக. "இந்தச் சிவப்பு எப்படி வருதுன்னு தெரியுமா? மெஜந்தா நூறு, மஞ்சள் நூறு. கறுப்பு ஒரு பொட்டு கெடையாது!" வீட்டுக்கு ஓட்டிவந்த பிறகுதான் முன்மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். மனைவி ஒருமுறை அதில் ஏறிப் பார்த்துவிட்டு, "இதுல ஏற முடியாதுங்க. எறங்கிப் படுக்கணும். எங்க வார்டுல கட்டில்கூட இதவிட ஒசரம்," என்று வெளியே வந்தார். கீழே விழுந்த நோயாளியை எழுப்புவதுபோல் அன்று தன்னைத் தானே எழுப்பிக்கொண்டார்.

வெளியூரிலிருந்து வந்த மகள் காரைச் சுற்றி வந்து பார்த்தாள். சக்கரங்கள் சாதா இரும்புச் சக்கரங்கள். கறுப்பு, சின்னது, நடுவில் பிளாஸ்டிக் மூடி. "கார் ஜோராத்தான்ப்பா இருக்கு. சக்கரம்தான் தள்ளுவண்டியிலேருந்து கழட்டிட்டு வந்த மாதிரி இருக்கு," என்றாள். மாடி வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார், மேலே நின்று துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், கையில் ஈரச் சட்டையோடு சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் விஷயம் அதோடு போயிருக்கும்.

"தள்ளுவண்டியில நீ ஒண்ணும் ஏற வேணாம்," என்றார் அச்சகக்காரர். திரும்பும் நாளில் மகளை வாடகைக் காரில் அனுப்பிவைத்தார்.

அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசவில்லை. மகள் கூப்பிட்டால் கைபேசியை மனைவியிடம் நீட்டிவிட்டு, "நான் நல்லா இருக்கேன்னு சொல்லு," என்பார். அவருடைய குரலுக்கு அதை யாரும் சொல்லவேண்டிய அவசியமில்லை. மறுமுனையிலிருந்து, "கேட்டுச்சுன்னு சொல்லும்மா," என்று பதில் வரும். மாதக்கணக்கில் இப்படி. வெளியே ராங்கி, உள்ளே மனுஷர் இளைத்துப்போனார். இடுப்புப் பட்டையில் புது ஓட்டை போட்டதைச் செவிலியின் கண் கவனிக்காமல் விடுமா?

பிறகு ஒருநாள் மகளே சொன்னாள். "ஞாயித்துக்கெழம சாயங்கால வண்டியில வரேன்மா. அப்பா அந்தக் கார எடுத்துட்டு ஸ்டேஷனுக்கு வந்தா வீட்டுக்கு வரேன். வரலேன்னா அப்படியே அடுத்த வண்டியப் புடிச்சுத் திரும்பிடுவேன். அப்புறம் நானா வரமாட்டேன்."

சொன்னதைச் செய்கிறவள். அது அவருடைய பிடிவாதம்தான், மகளிடம் கூர்மையாக அச்சாகியிருந்தது.

அச்சகக்காரர் மறுபேச்சுப் பேசாமல் உதிரிபாகக் கடைக்குப் போன் போட்டார். அலாய் சக்கரம் நான்கு, டயரோடு, ஞாயிற்றுக்கிழமைக்குள். துளைகள் ஐந்து, துளைக்குத் துளை தூரம் இவ்வளவு, டயரின் மொத்த உயரம் இவ்வளவு என்று இரும்பு அளவுகோல் வைத்து அளந்ததையெல்லாம் ஒப்பித்தார். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ஆஃப்செட் பாத்துட்டீங்களா சார்?" என்றார்.

அச்சகக்காரருக்குச் சிரிப்பு வந்தது. "யாரப் பாத்து என்ன கேக்குற தம்பி? முப்பது வருஷமா ஆஃப்செட்தான் எனக்குச் சோறு போடுது."

"அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். சரி சார், அனுப்பிடறேன்."

போனை வைத்த பிறகும் அவருக்குப் பெருமை அடங்கவில்லை. "நம்ம அச்சகம் அந்தக் கடை வரைக்கும் தெரிஞ்சிருக்கு பாரு," என்றார் மனைவியிடம்.

சக்கரங்கள் வந்திறங்கின. வெள்ளி நிறம், ஐந்து ஆரக்கால், முகம் பார்க்கலாம். அவர் ஒன்றைத் திருப்பிப் போட்டு உட்புறத்தில் பொறித்திருந்த எழுத்துகளின் மேல் உருப்பெருக்கியைக் கவிழ்த்தார். "இங்க பாரு, இந்தப் பதினஞ்சுல அஞ்சோட வால் மழுங்கியிருக்கு. அச்சு தேஞ்ச பெறகும் விடாம அடிச்சிருக்கான்."

"அது என்ன பதினஞ்சு?"

"என்னவோ நம்பர். எழுத்தப் பாருன்னா நம்பரக் கேக்குற."

ஞாயிறு காலை கார்க் கொட்டகையில் வேலை தொடங்கியது. தரையில் பழைய தாளை விரித்து, ஸ்பேனர்களை உயர வரிசையில் அடுக்கி, முழங்காலுக்கு ஒரு தலையணை போட்டுக்கொண்டார். ஜாக்கியை வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார். நட்டில் ஸ்பேனரை மாட்டி ஒரு நெம்பு. சக்கரம் அப்படியே சுற்றியது. இன்னொரு நெம்பு. இன்னொரு சுற்று.

மேலேயிருந்து குரல் வந்தது. "பூமி சுத்துறதுக்கும் இப்படித்தான் சார் காரணம். புடிமானம் இல்ல."

"உங்க பூமிய நீங்க பாருங்க வாத்தியாரே!"

வாசற்படியில் நின்ற மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, தரையில நிக்கும்போதே நட்ட லூஸ் பண்ணிக்கிட்டு அப்புறம் தூக்குங்க. பின் சக்கரத்துக்குக் கட்டை குடுங்க. ஜாக்கிய மட்டும் நம்பி அடியில கைய விடாதீங்க, ஸ்டாண்டப் போடுங்க. நொறுங்கின கையோட எங்க வார்டுக்கு வந்தீங்கன்னா நான் லீவு போட்டுருவேன்."

சொன்னபடியெல்லாம் செய்தார். செய்துகொண்டே, தான் முதலிலேயே அப்படித்தான் நினைத்திருந்ததாகவும் சொன்னார். பிறகு வேலை ஓட ஆரம்பித்தது. இந்த இடத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. நட்டுகளைச் சுற்றி வரிசையாக முறுக்காமல், ஒன்று விட்டு எதிர் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார்; அச்சுத் தகடு சமமாக உட்கார அவர் தினமும் செய்கிற அதே கைப்பழக்கம். பிற்பகல் சாய்வதற்குள் நான்கும் மாட்டி, ஜாக்கியை இறக்கி, எட்ட நின்று பார்த்தார். கார் மின்னியது. பூகோள வாத்தியார்கூட மாடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"மில்லிமீட்டர் தப்பாது," என்று கையைத் துடைத்தார்.

"சக்கரம் முழங்கை மாதிரி வெளிய நிக்குதே?" என்றார் மனைவி.

"அதான் ஸ்டைலு."

உள்ளே இறங்கி உட்கார்ந்து, வண்டியை நகர்த்தி, கொட்டகையிலிருந்து வெளியே வர ஸ்டியரிங்கை ஒடித்தார். முன்சக்கரம் திரும்பியது. டயரின் தோள் மட்கார்டின் விளிம்பில் ஏறி, தகரத்தில் ஆணியால் கோடு போட்ட மாதிரி ஒரு சத்தம். அந்தப் பக்கம் ஒடித்தார். அந்தப் பக்கமும் அதே சத்தம். மெஜந்தா நூறு, மஞ்சள் நூறு இருந்த இடத்தில் இப்போது வெறும் தகரம் ஒரு விரல் நீளத்துக்குப் பல்லைக் காட்டியது.

கடைக்காரர் போனை எடுத்தார். "துளை சரியா இருக்கா சார்? ஒசரம் சரியா இருக்கா? அப்ப ஆஃப்செட்தான். அதான் அன்னிக்கே கேட்டேனே."

"ஆஃப்செட்டுக்கும் சக்கரத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"அச்சு ஆஃப்செட் இல்ல சார், சக்கர ஆஃப்செட். சக்கரம் எவ்வளவு உள்ள உக்காரணும், எவ்வளவு வெளிய நிக்கணும்னு கணக்கு. இப்பதான் அளவுப் புஸ்தகத்துல பாத்தேன், உங்க பழைய சக்கரம் முப்பத்தஞ்சு மில்லி. இது பதினஞ்சு. ரெண்டு சென்டிமீட்டர் வெளிய தள்ளி நிக்கும். சக்கரத்து உள்பக்கம் பொறிச்சே இருக்குமே, பாக்கல?"

அச்சகக்காரர் பார்த்தார்தான். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தார்.

"பின்னாடி ரெண்டு இருக்கட்டும் சார், அது திரும்பாது, உரசாது. முன்னாடி ரெண்டையும் கழட்டிட்டுப் பழசையே போட்டு ஓட்டுங்க. நாளைக்கு வேற அனுப்பறேன்."

போனை மூடி, ஸ்பேனரை எடுக்கக் குனிந்தவர் பாதியில் நின்றார். முதுகு பிடித்துக்கொண்டது. முகம் வெளுத்து, ஒரு கை பானெட்டின் மேல், ஒரு கை அந்தரத்தில். ரயில் வருவதற்கு அதிக நேரம் இல்லை.

"அசையாதீங்க," என்று மனைவி வந்தார். அவருடைய அக்குளுக்கு அடியில் தோளைக் கொடுத்து, "மூச்ச விடுங்க, முட்டிய மடக்குங்க, என் மேல சாயுங்க," என்று அங்கே கிடந்த ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் குந்தினார். "இப்ப நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன். கத்தாம சொல்லுங்க."

"எதிர் நட்டு! எதிர் நட்டு!"

"கத்தாமன்னு சொன்னேன்."

"இது எனக்குக் கத்தாத கொரல்!"

மனைவி இடுப்பை வளைக்கவில்லை. முழங்காலை மடக்கி, சக்கரத்தை மார்போடு அணைத்து, தொடை பலத்தில் எழுந்து மாட்டினார். கனத்த நோயாளிகளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகிறவருக்கு ஒரு சக்கரம் பெரிய சுமையா? கடைசி நட்டை முறுக்கி முடித்து, சுருக்கென்று, "கெளம்புங்க," என்றார்.

அச்சகக்காரர் காரைப் பார்த்தார். முன்னால் இரண்டு கறுப்புத் தள்ளுவண்டிச் சக்கரம், பின்னால் இரண்டு வெள்ளிக் கண்ணாடி, மட்கார்டில் பல்லைக் காட்டும் தகரம். "இதுல போயி நான் அவ முன்னாடி நிக்கணுமா?"

"நிக்கலேன்னா அவ போயிருவா," என்றார் மனைவி. "எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

அவர் பக்கவாட்டில் உருண்டு இருக்கையில் விழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் இடம் வலம் பார்க்கக் கழுத்து திரும்பாமல், மொத்த உடம்பையும் திருப்பினார்.

ரயில் நிலையத்து வாசலில் மகள் பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். காரைப் பார்த்ததும் எழுந்தாள். அவர் இறங்கவில்லை, இறங்க முடியவில்லை. அவள் முன்பக்கம் வந்து ஒரு சக்கரத்தைப் பார்த்தாள். பின்பக்கம் போய் ஒன்றைப் பார்த்தாள். மறுபடி முன்னால் வந்து மட்கார்டில் விழுந்த காயத்தை விரலால் தொட்டாள். அவர் நேரே கண்ணாடி வழியாக யாருமற்ற சாலையைப் பார்த்துக்கொண்டு, விழப்போகிற சொல்லுக்காகக் காத்திருந்தார்.

"ஆஃப்செட் தப்பாயிடுச்சு," என்றார் கடைசியில். நிலையத்து வாசலில் நின்ற எல்லோருக்கும் அது கேட்டது.

மகள் சன்னலில் குனிந்தாள். வியர்த்த நெற்றி, நெஞ்சில் கிரீஸ், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நீல நகங்கள். "முதுகாப்பா?"

"ம்."

"அந்தப் பக்கம் நகருங்க. நான் ஓட்டறேன்."

இதுவரை அந்தக் காரை அவர் வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. மெல்ல, பாகம் பாகமாக, அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார். மகள் பையை அவர் மடியில் வைத்தாள். வைக்க வேறு இடமில்லை. வண்டி கிளம்பியது. முதல் திருப்பத்தில் அவருடைய வலது கால் தானாகக் கீழே இறங்கி, பிரேக்கே இல்லாத அந்தத் தரையை ஓங்கி அழுத்தியது. மகள் ஓரக்கண்ணால் பார்த்தாள், வண்டி மெதுவாகியது. அடுத்த திருப்பத்திலும் கால் அழுந்தியது, வண்டி மெதுவாகியது. அதற்கப்புறம் திருப்பமே இல்லாத நேர்ச்சாலை, எதிரே ஓர் ஈ காக்கை இல்லை. அச்சகக்காரர் மடியிலிருந்த பைக்கு மேலாக மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, வேண்டுமென்றே, லேசாக, தரையை அழுத்திப் பார்த்தார்.