முடி நட்டுக்கொள்ளும் மிஷின்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கரண்ட் அடித்தது. பதறாதீர்கள், சின்ன அடிதான். ஆனால் அதே அடி என் மகள் ஜெனிக்கும் விழுந்தது. அதுவும் என்னால்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். சிலிண்டரை மூடினோமா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வருகிற ஆள் நான். அப்படிப்பட்டவளை வெளியூருக்குக் கிளப்புவது பாறாங்கல்லை வண்டியில் ஏற்றுகிற மாதிரி. நான் சொல்லவில்லை, லோடு ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர் சொல்வது.

லீவு விட்டால் நம் கோவில்பட்டிப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகிறோம்? ஜவுளிக்கடை. கல்யாண வீடு. மிஞ்சிப்போனால் திருச்செந்தூர் கடல். அங்கேயும் அலை முட்டியைத் தாண்டாதபடி கவுனைப் பிடித்துக்கொண்டே நிற்பேன். பிள்ளை கடலைப் பார்த்தாளா, என் பிடியைப் பார்த்தாளா என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

இந்த முறை ஜெனி விடவில்லை. திருநெல்வேலியில் பிள்ளைகளுக்கான அறிவியல் பூங்கா இருக்கிறதாம். விளையாடிக்கொண்டே படிக்கலாமாம். கிளாஸில் எல்லாரும் போய்விட்டு வந்துவிட்டார்களாம். அங்கே ஒரு மிஷின் இருக்கிறது, அதைத் தொட்டால் தலைமுடி நட்டுக்கொண்டு நிற்கும், அதை மட்டும் காட்டிவிடு போதும் என்று ஒரே நச்சரிப்பு. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அவளாவது நாலு விஷயம் தெரிந்துகொள்ளட்டுமே என்ற ஆசை எனக்கும் உண்டு. மூன்று பேரும் ரயிலில் கிளம்பினோம்.

உள்ளே போனதும் எனக்கு முதல் ஆச்சரியம் போர்டுகள். நான் பார்த்த ஊர்களில் எல்லாம் ஒரே வாசகம்தான். தொடாதீர்கள், சாயாதீர்கள், உள்ளே வராதீர்கள். இங்கே என்னடாவென்றால், ‘தொட்டுப் பாருங்கள்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள்!

குண்டாகக் காட்டுகிற கண்ணாடி, நம்மை நாமே கயிற்றால் இழுத்து மேலே தூக்கிக்கொள்கிற நாற்காலி, இந்தப் பக்கம் முணுமுணுத்தால் அந்தப் பக்கம் கேட்கிற பெரிய தட்டு... பிள்ளைகள் எல்லாவற்றிலும் விழுந்து புரண்டார்கள். ஜெனியும் ஓடினாள். ஆனால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய் நின்று, ‘தொடலாமாம்மா?’ என்று கேட்டாள். அவள் போர்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நல்ல பிள்ளை, கேட்டுவிட்டுச் செய்கிறது என்று பெருமையாகக்கூட இருந்தது.

இங்கே என் பழைய வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் நான் பட்டாசு ஆபீஸில் இருந்தேன். எங்கள் பக்கம் ஃபேக்டரியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெடிமருந்து ரூமுக்குள் நுழையும் முன் வாசலில் இருக்கிற செம்புத் தகட்டில் கை வைக்க வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்ட் மண்ணுக்குள் இறங்கிவிடும். நைலான் துணி கூடாது. காலைத் தேய்த்து நடக்கக் கூடாது. உரசல் என்றாலே ஆபத்து.

அந்த வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் வீட்டு இரும்பு கேட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் வாசல்படி ஏறுவேன். அடுப்பில் வேகிறது பருப்பு, மருந்து இல்லை. தெரியும். இருந்தாலும் வைப்பேன். ஜெனியும் வைப்பாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்தே பழகிக்கொண்டாள்.

இப்போது அந்த மிஷினுக்கு வருவோம். ஒரு கம்பத்தின் மேல் பூசணிக்காய் அளவில் பளபளவென்று ஒரு உலோக உருண்டை. உள்ளே ஒரு பெல்ட் ஓடி உரசிக்கொண்டே இருக்குமாம். விளக்கம் சொல்கிற பெண் ஒரு கம்பியை உருண்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ‘பட்’டென்று நீலமாக ஒரு பொறி!

பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் இரண்டடி பின்னால் போனேன்.

முதல் ஆளாக ஜெனியை பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏற்றி, உருண்டை மேல் கையை வைக்கச் சொல்லி, மிஷினைப் போட்டுவிட்டார் அந்தப் பெண். இந்த முறை ஜெனி என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் முடி மெதுவாக எழும்ப ஆரம்பித்தது. என் கண்ணுக்குத் தெரிந்தது முடி இல்லை. நைலான் கவுன். உரசல். பொறி.

“ஏட்டி, எறங்கு கீழ!”

பாய்ந்து அவள் தோளைப் பிடித்தேன். பட்! என் விரலிலும் அடி, அவள் தோளிலும் அடி. ஜெனி வீறிட்டு அழுதாள்.

அந்தப் பெண் மிஷினை நிறுத்தினார். கோபப்படவில்லை. ஜெனியைக் கீழே இறக்கிவிட்டுச் சொன்னார்.

“அக்கா, நீங்க தொடாம இருந்தா பாப்பாவுக்கு ஒண்ணுமே ஆயிருக்காது. ஸ்டூல் மேல நிக்கா, கரண்டுக்குப் போக வழி இல்ல. நீங்க தரையில நின்னு பிடிச்சீங்களா... ஒங்க வழியா எறங்கிட்டு.”

வீடியோ எடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் போனைப் பையில் போட்டார். “ஒனக்குப் பதிலா பட்டாசு ஆபீஸ் போர்மேனயே கூட்டிட்டு வந்திருக்கலாம்” என்றார். சிரிப்பதற்குத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மற்றப் பிள்ளைகள் வரிசையாக ஏறினார்கள். ஒவ்வொரு தலையும் முள்ளம்பன்றி மாதிரி. மறுபடி வருகிறாயா என்று அந்தப் பெண் ஜெனியைக் கூப்பிட்டார். எத்தனை நாள் நச்சரிப்பு... இவளா வேண்டாம் என்பாள்?

வேண்டாம் என்றாள். என் சேலைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு, “அது வெடிச்சிரும்மா” என்றாள்.

என் குரல் அது. அப்படியே என் குரல்.

இப்படியே ரயில் ஏறினால் என்ன ஆகும்? இனி எந்த மிஷினைப் பார்த்தாலும் இந்தப் பிள்ளை நாலடி தள்ளி நிற்கும். கேட்காமலே. அதை நினைத்தபோது வந்த பயம், அந்தப் பொறியைப் பார்த்து வந்த பயத்தைவிடப் பெரிது. பெரிய பயம் சின்னப் பயத்தைத் தள்ளிவிடும் போல. நான் போய் ஸ்டூலில் ஏறினேன்.

ஏறினேன் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். அதற்கு முன் அந்தப் பெண்ணைக் கேட்காத கேள்வி இல்லை. தாலிச் சங்கிலி இருக்கிறதே? காலையில் மாத்திரை போட்டேனே? அவர் பொறுமையாகப் பதில் சொல்லி, ‘மொதல்ல கைய வைங்க, பெறவுதான் போடுவேன், நடுவுல மட்டும் எடுத்துராதீங்க’ என்றார். வைத்தேன். மிஷின் உறுமியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கையில் ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் மட்டும் சிலந்தி வலை பட்ட மாதிரி ஒரு கூச்சம். பிறகு ஜெனியின் சிரிப்பு கேட்டது.

“எம்மா, ஒனக்கு முடி நிக்கவே இல்ல. காதுப்பக்கம் மட்டும் பூனைமுடி நிக்கி!”

கண்ணைத் திறந்தேன். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை எங்கே எழும்பும்? அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார். “நீ வந்து நிறுத்திக் காட்டு பாப்போம்” என்றேன் ஜெனியிடம்.

மிஷினை நிறுத்தி நான் இறங்கினதும் அவள் ஏறினாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவ்வளவு நேரம் கையைச் சும்மா வைத்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவள் முடி ஒவ்வொன்றாக எழும்பி, கடைசியில் தலை முழுக்கச் சோளக்கதிர் குஞ்சம் மாதிரி விரிந்தது. கத்தணும் போலத்தான் இருந்தது. கத்தவில்லை.

பிள்ளைகளுக்கு இப்படி இடங்கள் வேண்டும். கோவில்பட்டியிலும் வேண்டும், கயத்தாற்றிலும் வேண்டும். அவர்கள் அங்கே என்ன படிக்கிறார்களோ, அது வாத்தியார்களுக்குத் தெரியும். கூடப் போகிற நமக்கும் அங்கே ஒரு பாடம் இருக்கிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகுவது. அது அவ்வளவு லேசு இல்லை. போய்ப் பாருங்கள்.

திரும்பி வரும்போது கடம்பூர் போளி வாங்கித் தின்றோம். வீட்டு வாசலுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். பழக்கதோஷத்தில் நான் கேட்டில் கை வைத்தேன். ஜெனி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கேட்டில் பட்டுவிடாமல், பக்கவாட்டாக நழுவி உள்ளே போனாள்.

“நீ தொடலியாட்டி?”

“மாட்டேன். தொட்டா எல்லாம் எறங்கிரும்லா.”

சட்டென்று நானும் கையை எடுத்துக்கொண்டேன்... கொஞ்சமாவது மிச்சம் இருக்கட்டுமே!