மாடிப்படியில் உட்கார்ந்து எழுதிய செய்தி

இதை ரீல் என்று சொல்பவர்கள் என் அக்கா வீட்டுக்காரரின் இடது கையைப் பார்க்க வேண்டும். சுண்டுவிரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற மனிதர் அவர். என்னிடம் வாய் திறக்கவே பல மாதம் ஆயிற்று. அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

மச்சான் ஒரு மாலைப் பத்திரிகையில் கிரைம் நிருபர். கொலை, கொள்ளை, விபத்து... இதுதான் பிழைப்பு. மதியத்துக்குள் செய்தி போய்ச் சேராவிட்டால் ஆசிரியர் போனிலேயே வறுத்தெடுத்துவிடுவார். அதற்காகவே ஒரு குட்டி லேப்டாப் வாங்கினார். ஒன்றரைச் சாண் அகலம்தான். காலி டிபன் பாக்ஸ் கனம்கூட இருக்காது.

"என்னங்க இது, பவுடர் டப்பாவா?" என்று அக்கா சிரித்தாள்.

"சிரி, சிரி. பஸ்ல, ஆஸ்பத்திரி வராண்டால, ஸ்டேஷன் பெஞ்சுல... உக்காந்த எடமெல்லாம் இனிமே ஆபீஸ்தான்."

அப்படித்தான் ஒரு நாள், பட்டப்பகலில், அந்த மாடிப்படியிலும் உட்கார்ந்தார்.

முந்தின நாள் சாயங்காலம் அந்த வீட்டில் ஒரு பெண் படியில் உருண்டு செத்துப்போயிருந்தாள். முப்பது வயதுகூட ஆகவில்லை. கழுவிவிட்ட படி, ஈரத்தில் வழுக்கிவிட்டாள் என்று புருஷன் சொன்னான். இன்ஸ்பெக்டரும் அதையே திருப்பிச் சொன்னார். புருஷன் பிணவறை வாசலில் காத்துக் கிடந்தான். சாவி பக்கத்து வீட்டம்மாவிடம் இருந்தது. கதவைத் திறந்துவிட்டவர் வாசலைத் தாண்டவில்லை.

"நீங்க பாத்துட்டு வாங்க சார். நான் வரல."

உள்ளே போனதும் போன் அடித்தது. ஆசிரியர்.

"எங்கய்யா மேட்டர்? பக்கம் முடிக்கணும்."

"பத்தே நிமிஷம் சார்."

நடுப்படியில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் திறந்தார். சிமெண்டுப் படி. விளிம்பெல்லாம் கத்தி மாதிரி கூர். கை வைத்துப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. முதல் பத்தியை அடித்தார். பொடிப்பொடி எழுத்து, விரல் தடுமாறும். குனிந்துதான் எழுத வேண்டும்.

இரண்டு வரி போயிருக்கும். உட்கார்ந்த இடம் ஈரமாக இருந்தது. சற்று முன் காய்ந்திருந்த படி. பேண்ட் நனைந்து தொடையில் ஒட்டியது.

பிறகு லேப்டாப் கனத்தது.

மெல்ல மெல்ல... யாரோ அதன்மேல் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து படிப்பது போல. தொடை வலித்தது. காதோரம் சூடாக ஒரு மூச்சு. திரும்பினார். மேல்படியில் யாரும் இல்லை.

"பயந்தீங்களா மச்சான்?" என்று இந்த இடத்தில் கேட்டேன்.

"இல்லடா. தூக்கமில்ல, அதான்னு நெனச்சேன்."

'ஈரப் படியில் கால் வழுக்கி விழுந்து...' என்று அடித்தார்.

பளார்!

இடது கன்னம். கண்ணாடி பறந்து போய்ச் சுவரில் மோதியது. வாய்க்குள் ரத்தம் உப்புக் கரித்தது. எழுந்திருக்கப் பார்த்தார். உச்சிமுடியை ஒரு கை கொத்தாகப் பிடித்தது. இன்னொரு கை அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தது. வளைத்துக்கொண்டே போனது...

மடக்!

கத்தினார். குரல் வரவில்லை.

முதுகில் ஒரு தள்ளு. உருண்டார். கீழ்த்தரையில் மண்டை 'ணங்' என்று மோதியது. லேப்டாப் அவருக்கு முன்னால் போய்க் கவிழ்ந்து கிடந்தது. வாசல் கதவு எதிரே, நாலு எட்டில். தவழ்ந்தார்.

கணுக்கால் இரண்டையும் யாரோ பிடித்தார்கள்.

இழுத்தார்கள். மேலே.

குப்புறக் கிடந்தவரின் தாடை ஒவ்வொரு படி விளிம்பிலும் இடித்தது.

டக்... டக்... டக்...

பல் உடைந்தது.

மாடி விளிம்பு வந்தது. அப்படியே தூக்கி நிறுத்தப்பட்டார். முதுகில் இரண்டு உள்ளங்கை பதிந்தது. ஈரமாக.

அழுத்தியது...

"சார்! சார்!" கதவு படாரென்று திறந்தது. பக்கத்து வீட்டம்மா.

உள்ளங்கைகள் இல்லை.

கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டே கீழே வந்தார். ரத்தம் சட்டையெல்லாம் ஒழுகியது. அந்தம்மா லேப்டாப்பைப் பொறுக்கிக் கொடுத்தார். திரையில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் அடித்த வரி அப்படியே இருந்தது. ஒற்றைக் கையால் அதை அழித்துவிட்டு ஆசிரியருக்குப் போன் போட்டார்.

"அந்தச் செய்தி இன்னிக்கு வேணாம் சார். போஸ்ட்மார்ட்டம் டாக்டர் சொல்லட்டும்."

"என்னய்யா ஆச்சு உனக்கு?"

"விழுந்துட்டேன் சார்." போனை வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் பேசினார். தெரிந்தவர்தான்.

"ஒரு தடவை விழுந்த ஒடம்பு இல்லப்பா அது. கால் ரெண்டையும் பிடிச்சு இழுத்துட்டுப் போய், திரும்பத் திரும்பத் தள்ளியிருக்கான். தாடையெல்லாம் நொறுங்கிக் கெடக்கு. இடது சுண்டுவிரல் முறிஞ்சிருக்கு."

கட்டுப் போட்ட தாடையோடு மச்சான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று ராத்திரியே புருஷனைக் கைது செய்தார்கள். இரண்டாம் நாள் விசாரணையில் ஒப்புக்கொண்டான். அந்தச் செய்தியை மச்சான்தான் எழுதினார், அதே லேப்டாப்பில், ஒன்பது விரலால். வீட்டு மேஜையில் உட்கார்ந்து.

விரல் கட்டைப் பிரித்த பிறகு, பக்கத்து வீட்டம்மாவுக்கு நன்றி சொல்லப் போனார்.

"சரியான நேரத்துல வந்தீங்கம்மா. நான் விழுந்த சத்தம் கேட்டுதா?"

அந்தம்மா அவர் விரலையே பார்த்தார்.

"எந்தச் சத்தமும் கேக்கல சார். உங்க குரலே கேக்கல."

"பின்ன எப்படி வந்தீங்க?"

"நீங்க வர்றதுக்கு முந்தின நாளு அவ என்னத்தான் கூப்பிட்டா சார். 'அக்கா, வாங்க... அக்கா, வாங்க'ன்னு. புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கெதுக்குன்னு நான் டிவி சத்தத்தக் கூட்டி வச்சுட்டேன்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீங்க உள்ள இருந்தப்பவும் அதே குரல்தான் சார் கூப்பிட்டுச்சு."