என் புருஷனுக்குக் கட்டிய கண்ணீர் அஞ்சலி

நிவித்திகல பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். மழை விட்டும் விடாமலும் தூறியது. ஆள் ஏற்ற பஸ் ஒரு வளைவில் நின்றது. பஸ் நிற்கும் ஹோல்ட்டுக்குப் பக்கத்து மரத்தில் என் புருஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

கண்ணீர் அஞ்சலி பேனர். படத்தைச் சுற்றி மாலை, கீழே அவர் பேர், பிறந்த திகதி, இறந்த திகதி. அன்று காலை தெஹியோவிட்டயில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு றப்பர் பால் வெட்டப் போன மனுஷன்!

இறங்கிவிட்டேன். அவருக்கு போன் போட்டேன். கோல் போகவில்லை. றப்பர் மலைக்குள் சிக்னல் கிடைக்காது என்று தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்பப் போட்டேன். மரத்திலிருந்த முகம் என்னையே பார்த்தது. கடைசியில் எடுத்தார்.

"உயிரோட இருக்கீங்களா?"

"பின்ன, காலைல ஒனக்குத் தேத்தண்ணி ஊத்துனது பேயா?" என்று சிரித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

எதிர்க்கடை முதலாளி சிங்களத்தில் விவரம் சொன்னார். அந்தப் பக்கம் செத்த வீடே இல்லையாம். முந்தாநாள் வேனில் சிலர் வந்து பேனரைக் கட்டியிருக்கிறார்கள். பேனருக்கு முன்னால் வெள்ளைச் சேலையில் ஒரு பெண்ணை நிறுத்திப் போட்டோ பிடித்திருக்கிறார்கள். மழை கொட்டவும் அவிழ்க்காமலே ஓடிவிட்டார்கள். அந்தப் பொம்பளை நன்றாக அழுதாள் என்றும் சொன்னார்.

படத்திலிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டையைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. மண்சரிவுக்கு இலவசக் காப்புறுதி என்று கம்பெனிப் பேர் போட்ட பையோடு ஒருவன் எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்தபோது நான் வேலையில் இருந்தேன். இவர் பக்கத்து வீட்டுச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டு போட்டோவுக்கு நின்றிருக்கிறார். எங்கள் இரண்டு பேர் அடையாள அட்டையையும் படம் எடுக்கக் கொடுத்திருக்கிறார். "ரசீது ஏதாச்சும் தந்தானா? அவன் நெசமாவே அந்தக் கம்பெனி ஆளான்னு விசாரிச்சீங்களா?" என்று அன்றைக்கே கத்தினேன். நிவாரணம் என்றால் எங்கள் ஆட்கள் தலையைக்கூடக் கழற்றிக் கொடுப்பார்கள்.

மறுநாள் அவரை அதே இடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

"பேனருக்குப் பக்கத்துல நில்லுங்க. உயிரோட இருக்கீங்கன்னு காட்டப் போட்டோ எடுக்கணும்."

"அபசகுனம்டி. நான் மாட்டேன்."

"படத்துக்கு மாலை போட்டவனுக்கு ஆளுக்குப் போட எவ்வளவு நேரமாகும்? நில்லுங்கன்னா!"

அந்தப் பயம்தான் என்னை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. நின்றார். போட்டோவில் செத்தவர் சிரிக்கிறார், உயிரோடிருப்பவர் முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை.

வந்தவனின் பையிலிருந்த கம்பெனிப் பேர் இவருக்கு நினைவிருந்தது. அவன் கொடுத்த நம்பருக்குப் பேசாமல், நேராக அந்தக் கம்பெனியின் அவிசாவளைக் கிளைக்கே போனோம். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், எழுந்தே நின்றுவிட்டாள். இவர் பேரில் ஆயுள் காப்புறுதி போட்டு, இறந்துவிட்டார் என்று காசு கேட்டு விண்ணப்பமும் வந்திருந்தது. நல்லவேளை, இன்னும் கொடுக்கவில்லை.

"கேட்டது யாரு?" என்றேன்.

திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். மனைவி என்று போட்டு என் பேர், என் அட்டை இலக்கம், ஒரு கையெழுத்து.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

அது இங்கிலீஷ் கிறுக்கல். நான் தமிழில்தான் கையெழுத்து வைப்பேன். அங்கேயே வைத்துக் காட்டினேன், அது என்னுடையதல்ல என்று மேனேஜர் ஒத்துக்கொண்டார். போலீசிலும் முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம். இனி அட்டை நகல் யாருக்குக் கொடுத்தாலும், என்ன காரியத்துக்கு என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். லயத்தில் அவனிடம் அட்டை கொடுத்த எல்லாரையும் அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். ஏறியதும் தூங்கிவிழுகிற மனுஷன், அன்றைக்குக் கண்ணை மூடவேயில்லை. வெளியே றப்பர் மரங்கள் இருட்டிக்கொண்டு வந்தன. தெஹியோவிட்ட நெருங்கும்போது, முன்சீட்டுக்காரருக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார்.

"காசு கேட்டது நீ இல்லதானே?"