மூச்சு வாங்காத இன்ஜின்

சங்கராபுரம் சாலையில், அப்பாவின் பட்டறை இருந்த இடத்தில் இன்று மதியம் பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரு வண்டியும் வராமலே ஆயில் கலந்த பெட்ரோல் புகை நெடி அடித்தது.

கல்வராயன் மலையேறுகிற பைக்குகளுக்கு இங்கேதான் அப்பா சிலிண்டர் ஹெட்டைத் தேய்த்து, கார்புரேட்டரைத் திருகித் திருகி, கம்பெனி கொடுக்காத இழுவையை வரவழைப்பார். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் இன்ஜினில் ஊன்றி, கிரீஸ் பிசுபிசுக்கும் பிடியை என் காதில் வைப்பார்.

“இன்னா கேக்குது?”

“மூச்சு வாங்குதுப்பா.”

“அப்ப இன்னும் சரியாவல. மூச்சு வாங்காம மேடு ஏறணும்.”

அப்படி ஒரு பைக்கைச் சோதித்துப் பார்க்க மலைக்கு ஓட்டிப் போனவர் திரும்பவேயில்லை. பின்னாளில் அகலப்படுத்திய சாலை பட்டறையையும் விழுங்கிவிட்டது.

எப்போதும் என் கைப்பையில் கிடக்கும் அந்த ஸ்க்ரூடிரைவரைத் தார்மேல் ஊன்றிப் பிடியில் காதை வைத்தேன்.

இன்ஜின் மேடேறிக்கொண்டிருந்தது, மூச்சே வாங்காமல்.