தலைவர் மரியாதையாகப் பேசிய காலை

அந்தத் தகரக் குழலின் விளிம்பில் ஒரு நெளிவு இருக்கிறது. தலைவர் வீட்டுக் கூடத்தில், மாலை போட்டுக்கொண்ட படங்களுக்கு நடுவே, ஓர் ஆணியில் தொங்குகிறது. பார்க்க வருகிறவர்கள் அது ஏதோ தேர்தல் கலவரத்தில் அடிபட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சட்டமன்ற உறுப்பினர் வீட்டுச் சாமான் போராட்டத்தில் நெளிந்திருந்தால்தான் அழகு. உண்மையில் அது என் மண்டையில் பட்டு நெளிந்தது.

ஜப்பான்காரன் காலம் எனக்குத் தனித்தனி வருஷங்களாக நினைவில் இல்லை. பசியோடு விடிந்த ஒரே நீண்ட காலையாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊரான காஜா பெராங்கில் கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று, மரவள்ளிக்கிழங்கு வேகும் வாசனை, மூட்டத்துக்குள்ளிருந்து மிதந்து வரும் தலைவரின் குரல். அப்போது அவர் வெறும் தெருத்தலைவர். அரிசி வந்தால் ஊருக்குச் சொல்ல ஜப்பான்காரன் நியமித்தவர். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிச் சுருட்டிய அந்தக் குழலை வாயில் வைத்து, வீடு வீடாகப் பெயர் சொல்லித் திட்டுவார். “டேய் கருப்பையா, செத்துட்டியா? அரிசி வந்திருக்குடா, பையத் தூக்கிட்டு ஓடியா! மீனாச்சிக்கா, ஒம் புருசன எழுப்பு, கொறட்டை தெங்கேரா வரைக்கும் கேக்குது!” எங்கள் தெருவுக்கு அந்த வசவுதான் சோற்று மணி.

நான் இருபது வயதுத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பள்ளி மூடிக் கிடந்ததால், பாடம் நடத்த ஆள் தேடிக்கொண்டிருந்தேன். தலைவர் அகப்பட்டார். ஒரு தலைவர் பேசுகிற பேச்சா இது என்று கண்டித்து, தூய தமிழில் மாதிரி அறிவிப்பு ஒன்று எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “வச்சுக்குறேன் வாத்தியாரே. வயிறு நெறஞ்ச காலத்துல படிக்கிறேன்.”

பிறகு அந்தக் காலை. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று ஊர் குசுகுசுத்துக்கொண்டிருந்தது. போனவர்கள் யாரும் கடிதம் போட்டதில்லை. கனவுக்குள் கேட்பதுபோல் குழல் ஒலித்தது. “அன்பார்ந்த பெருமக்களே! அரிசி வழங்கப்படவிருக்கிறது. ஆடவர் அனைவரும் தவறாது திடலுக்கு வருகை தந்து சிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்!”

கருப்பையாவின் மனைவி அலறினாள்: “ஐயோ, தலைவரு மரியாதையாப் பேசுறாரு! கதவச் சாத்துங்க!”

தெருக்கதவுகள் ஒவ்வொன்றாகத் தாழிட்டுக்கொண்டன. ஆண்கள் கொல்லைப்புறமாக மரவள்ளிக் காட்டுக்குள் மறைந்தார்கள். அவள் அலறியது என் காதில் விழவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒலித்தவை என் வாக்கியங்கள். என் எழுத்து முதன்முறையாக வெளியாகியிருந்தது. ‘வருகை தந்து சிறப்பிக்குமாறு’ என்ற இடத்தில் எனக்குப் புல்லரித்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

திடலோரம் லோரி நின்றது. சிப்பாய்கள், ஓர் அதிகாரி, தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளன், நடுவில் முகம் வெளுத்த தலைவர். எங்கள் தெருவிலிருந்து சிறப்பித்தவன் நான் ஒருவன்தான். ஒரு சிப்பாய் என் தோளைப் பற்றி லோரிப் பக்கம் தள்ளினான். தலைவர் பாய்ந்து வந்து குழலால் என் நெற்றியில் ஓங்கி அடித்தார். “கீலா, துவான்! கீலா!” என்று கத்தினார். பைத்தியம், ஐயா, பைத்தியம் என்று மலாயில். ரத்தம் வழிய நான் மொழிபெயர்ப்பாளனிடம், அந்த அறிவிப்பை இயற்றியவன் அடியேனே என்று விளக்கினேன். அதற்குமேல் சான்று தேவைப்படவில்லை. அதிகாரி சிரித்து, என்னை விரட்டிவிடச் சொன்னான்.

லோரி வெறுமையாகத் திரும்பவில்லை. அடுத்த சந்தில் புதிதாகக் குடிவந்தவர்கள் இருந்தார்கள். தலைவரிடம் திட்டு வாங்கிப் பழகாதவர்கள். குழலைக் கேட்டு ஏழு பேர் பையோடு வந்தார்கள். ஏழு பேரையும் பைத்தியம் என்றால் யார் நம்புவார்கள்? ஒருவரும் திரும்பி வரவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் தலைவர் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்றார். பேச்சு எழுதிக் கொடுத்தவன் நானேதான். நான் திருந்துகிற ரகமல்ல. முதல் கூட்டத்தில், “அன்பார்ந்த பெருமக்களே” என்று தொடங்கினார். கருப்பையா எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே நான்கு வரிசை காலியாயிற்று. தலைவர் என் தாளைக் கசக்கி எறிந்தார். “டேய் கருப்பையா, ஒக்காருடா! லோரி ஒண்ணும் வரல!” கூட்டம் சிரித்தது, அங்கேயே ஜெயித்துவிட்டார்.

அந்த அடுத்த சந்துக்குப் போகும்போது மட்டும் குழலை முனையிலேயே என் கையில் கொடுத்துவிடுவார். ஏழு பேரில் ஒருவரின் மனைவி, தேர்தலுக்குத் தேர்தல், பாதிக் கதவைத் திறந்து கேட்பார்: “இந்தத் தடவ எத்தன பேரக் கூப்பிட வந்தீங்க?” செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைவர் அந்த வாசலில் நிற்பார். அவர் போட்டியிட்ட மூன்று தேர்தலிலும் அப்படியே நின்றார். ஒருமுறைகூட அங்கே வாக்குக் கேட்டதில்லை.

போன வாரம் அவர் வீட்டுக் கூடத்தில் இரங்கல் கூட்டம். தூய தமிழில் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். பேச எழுந்தபோது கடைசி வரிசையில் அந்த அம்மாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். முதல் வரி ‘அன்பார்ந்த’ என்று தொடங்கியது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஆணியிலிருந்து குழலை எடுத்து, நெளிவில் விரலை வைத்துக்கொண்டேன்.

“தலைவரு என்னைய ஒரு தடவ அடிச்சாரு” என்றேன். “மத்த ஏழு பேரையும் அடிக்க முடியலன்னு சாகுற வரைக்கும் அழுதாரு.”

உட்கார்ந்துவிட்டேன்.