சிக்ஸ்டனின் இடது கடைவாய்ப்பல்

குன்னெலுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. ஸ்வீடனில் ஊமியோ நகரத்துக்கு வடக்கே அந்தச் சின்ன ஊர்ப் பல் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாகப் பல் சுத்தம் செய்கிறாள்; ஆள் வராத ஐந்து நிமிடத்திலும் கருவித் தட்டைத் துடைப்பாள், துடைத்ததையே மறுபடி துடைப்பாள். அந்த வியாழக்கிழமை காலையில் ஏழு தடவை சன்னலுக்குப் போய்வந்துவிட்டாள். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற சிக்ஸ்டன் வருவானா?

அவன் கடைசியாக வந்தபோது காரியத்தைக் கெடுத்தது அவள்தான். பேனா அளவுக் கேமராவை வாய்க்குள் விட்டவள், முதலில் மேலுதட்டைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டாள். பதினைந்து வயதிலிருந்து அவன் ஸ்னூஸ் புகையிலைப் பொட்டலத்தை அடக்கிவைக்கும் இடம். நாளெல்லாம் தண்ணீரில் ஊறிய விரல்போல ஈறு வெளுத்துச் சுருங்கித் திரை முழுக்கத் தெரிந்தது.

"டாக்டர் சொல்லியாச்சு, பொண்டாட்டி சொல்லியாச்சு, இப்ப நீ படம் வேற காட்டுறியா?" கழுத்துத் துண்டை உருவி எறிந்துவிட்டுப் போனவன் அடுத்த இரண்டு முறையும் வரவில்லை.

அவள் காட்ட நினைத்தது கீழே, இடது கடைவாய்ப்பல்லை. அதைச் சுற்றி எலும்பு கரைந்துகொண்டிருந்தது. தினமும் இடுக்கைச் சுத்தம் செய்தால் பல் தப்பலாம். இல்லாவிட்டால் பிடுங்க வேண்டியதுதான்.

"வரமாட்டான் பாரு," என்றாள் உதவியாளர் பெர்னிலா. "இவ்வளவு பனி கெடக்கு. ரோட்டுல தள்ளிட்டிருப்பான்."

பத்தே காலுக்குப் பனி தள்ளும் வண்டி வாசலில் வந்து நின்றது.

"உதட்டப் பத்திப் பேசினா எந்திரிச்சுப் போயிருவேன்," என்றபடியே சிக்ஸ்டன் நாற்காலியில் சாய்ந்தான். அவனும் குன்னெலும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"பேசல. இந்தா, நீயே புடி." கேமராவை அவன் கையில் திணித்தாள். "திரையப் பாத்துத்தான தெனமும் வண்டிய ரிவர்ஸ் எடுக்குற? அப்படியே உள்ள போ. கீழ, இடது பக்கம்."

நாக்கு வந்தது, அண்ணம் வந்தது.

"ரோட்ட விட்டு எறங்கிட்ட," என்றாள் பெர்னிலா.

பிறகு கை நின்றது. திரையில் பல்லோடு ஒட்டிய மஞ்சள் காரை, புண்ணாய்ச் சிவந்த ஈறு, இடுக்கில் ஏதோ ஒரு நார்.

"என்ன இது?"

"நேத்து எல்க் மான் கறி சாப்பிட்டியா?"

"நேத்து மீனு." அவன் யோசித்தான். "எல்க் செவ்வாக்கெழம."

பெர்னிலா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

குன்னெல் காரையைச் சுரண்டி எடுத்தாள். பிறகு கம்பி போன்ற குட்டிப் பிரஷ்ஷைக் கொடுத்து இடுக்கில் விடச் சொன்னாள். ரத்தம் வந்ததும் வெடுக்கென்று உருவிவிட்டான்.

"இதுக்குத்தான் இந்தப் பிரஷ்ஷ முன்னாடியே நிறுத்துனேன்."

"ரத்தம் வருதுன்னு நிறுத்தாத. விடாமப் பண்ணினா தன்னால நிக்கும்."

"பல்லப் புடுங்கணுமா?"

"தெரியல. ஏப்ரல்ல வா, இதே எடத்தப் படம் எடுப்போம்."

ஏப்ரல் வரை அவளுக்கு நிம்மதி இல்லை. கடையில் அவனைப் பார்த்தபோது கேட்க வாயெடுத்து, ரொட்டி வரிசைக்குள் நழுவிவிட்டாள்.

ஏப்ரலில் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். சிவப்பு போய் ஈறு வெளிர் ரோஜா நிறத்தில் பல்லை ஒட்டியிருந்தது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆறு மில்லிமீட்டர் ஆழமிருந்த பள்ளம் நாலாகியிருந்தது.

"இப்படியே பாத்துக்கிட்டா புடுங்க வேண்டாம்," என்றாள்.

 சிக்ஸ்டன் கேமராவுக்காகக் கையை நீட்டினான்.

"மேல, உதட்டுக்குள்ள எப்படி இருக்குன்னு பாத்துருவோம். நீ மட்டும் எதுவும் சொல்லாத."

அடுத்த ஆள் வெளியே காத்திருந்தாள். குன்னெல் கேமராவைக் கொடுத்தாள்.